மூன்றாவது சுற்று

கட்டுகஸ்தோட்டை கார்னிவலில் ரோலர் கோஸ்டரை விட்டு இரண்டாவது தடவையாக இறங்கினார் வைத்தியலிங்கம். அறுபத்தெட்டு வயது, மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். நேராகப் போய் மறுபடியும் வரிசையில் நின்றார்.

லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த மகள் சுகந்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“ரெண்டு தடவை போனது போதும்ப்பா. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. இந்த வயசுல எதுக்கு இது?”

“பழகணும்மா.”

“எதுக்குப் பழகணும்?”

அவர் கையை விடுவித்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் கண்களை இறுக மூடி, முன்கம்பியைக் கட்டிப்பிடித்தபடி போய்வந்தார். இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சுகந்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

“இந்த உயரத்துக்கே பயந்தா, ப்ளேன்ல எப்படி ஏறுவேன்?” என்றார்.

“ப்ளேன்லயா?”

“உங்கம்மா தவறிப்போன வருஷம், உன் பிரசவத்துக்குத் துணைக்கு வாங்கப்பான்னு கெஞ்சினியே. விசா கிடைக்கலைன்னு சொன்னேன். அது பொய்ம்மா. விசா கிடைச்சது. ஏறத்தான் தைரியம் வரல.”

சுகந்தி தன் கைக்குட்டையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

“தெரியும்ப்பா. கூப்பிட்டது நான்தானே, விசா கிடைச்ச செய்தி எனக்கும் வந்துச்சு.”

அவர் தலை குனிந்தது.

“என் வீட்டுக்காரர்கிட்டயும் மாமியார்கிட்டயும், விசா கிடைக்கலைன்னுதான் நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்கேன்” என்றாள் அவள்.