செந்துறைப் படகு

“கூட ஆளு யாரும் வரலையா பாப்பா?”

ஜீப்பின் பின்னால் படகு ஏற்றிய டிரெய்லரோடு தன்னந்தனியாக வந்து இறங்கிய பெண்ணைப் பார்த்துச் சம்பூர்ணம் கேட்டாள். திருமழபாடிக்கு எதிரே, கொள்ளிடத்து மணல்திட்டில், அவள் புருஷன் சாமிதுரை ஆடுகளோடு மாட்டிக்கொண்டிருந்தான். அணையில் திறந்துவிட்ட தண்ணீர் விடிவதற்குள் திட்டைச் சுற்றிக்கொண்டது. இப்போது திட்டே சுருங்கிக்கொண்டு வந்தது. மீட்புப் படகுகள் எல்லாம் கீழே வேறு ஊர்களுக்குப் போயிருந்தன.

“ஆளு வந்தா படகுல ஒரு எடம் போயிடும்லம்மா,” என்றாள் அந்தப் பெண். பெயர் சத்யா. செந்துறைப் பக்கம். யாரோ போன் போட்டுச் சொல்ல, உடனே கிளம்பி வந்திருந்தாள்.

“படகு ஓட்டுறதுதான் வேலையா?”

“ஆமாம்மா. ஏரியில சவாரி விடலாம்னு எங்க ஊர்க்காரர் ஒருத்தரு வாங்கினாரு. நான்தான் டிரைவர். தெனம் காலைல ஏத்தி எறக்கிடுவேன்.”

சம்பூர்ணத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கரையிலோ திருவிழாக் கூட்டம். வெள்ளம் பார்க்க வந்தவர்கள் பைக்குகளைச் சரிவிலேயே நிறுத்திவிட்டு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பைக்குகளை எடுக்கும்வரை சத்யா ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் சும்மா இருந்தார்களா?

“லெப்ட்ல ஒடி.”

“ரைட்டு, ரைட்டு.”

“அட, நேரா விடும்மா.”

சத்யா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகைக் கட்டியிருந்த பட்டைகளை மேட்டிலேயே அவிழ்த்தாள். படகின் மூக்கில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கரைக் கம்பத்தில் முடிந்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே ஜீப்பைப் பின்னுக்கு விட்டாள். டிரெய்லர் ஒரு சாண்கூடக் கோணாமல் சரிவில் இறங்கியது. அதன் சக்கரம் முழுகியதும் ஹேண்ட்பிரேக் போட்டு, ஜீப்பின் டயருக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, இறங்கி வந்து ஒரே தள்ளு. படகு வழுக்கிப் போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது.

சத்யா ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைப்பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கியவளின் முகம் அது. செய்கிற வேலைமேல் இத்தனை ஆசையா என்று சம்பூர்ணம் மலைத்துப்போனாள்.

ஜீப்பை மேலே கொண்டுபோய் ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தவள், “ஆத்து இழுப்பு எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டாள்.

“நேராப் போகாத. மேலால ஏறிப் போயி, சாஞ்சு எறங்கு.”

எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறாளே என்று சம்பூர்ணத்துக்கு மனசு நிறைந்தது.

சத்யா சொன்னபடியே போனாள். முதல் நடைக்கு சாமிதுரை ஆடுகளைத்தான் ஏற்றிவிட்டான். அடுத்த நடையில்தான் அவன் வந்தான். இடுப்புவரை நனைந்து நின்ற புருஷனைப் பிடித்துக்கொண்டு சம்பூர்ணம் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள்.

“ஒனக்கு ஆடு பெருசா, நான் பெருசா?”

சாமிதுரை ஆடுகளை எண்ண ஆரம்பித்தான்.

இவர்கள் இப்படி நிற்கும்போதே சத்யா டிரெய்லரை மறுபடியும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். கயிற்றைப் பிடித்துப் படகை வளைத்துக் கொண்டுவந்தாள், கயிறு சுருட்டும் உருளையின் கைப்பிடியைச் சுற்றி டிரெய்லர்மேல் ஏற்றினாள், பட்டையைப் போட்டு இறுக்கினாள். சரிவு முழுக்க ஜனம். ஒரு கைகூட உதவிக்குத் தேவைப்படவில்லை. யோசனை சொன்னவர்கள் எல்லாம் விலகி வழிவிட்டார்கள். சம்பூர்ணம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

“தண்ணியிலேயே பொறந்து வளந்தவ கணக்கா இருக்கியே தாயி. ஒங்க ஏரி அவ்வளவு பெரிய ஏரியா?”

சத்யா அப்படியே டிரெய்லர் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“பெரிய ஏரிதாம்மா. ஆனா படகு வாங்கினதுலேர்ந்து அதுல சொட்டுத் தண்ணி இல்ல. காஞ்ச கரையிலதான் தெனமும் ஏத்தி எறக்குவேன். எஞ்சினை டிரம்முத் தண்ணியில வச்சு ஓட்டிப் பாப்பேன். இந்தப் படகு மெதந்து நானே இன்னிக்குத்தான் பாக்குறேன்.”