கவின் என்ன சொன்னான்?

“ஸ்லோவாக் பாஷை தெரிஞ்சா மட்டும் போதாதாம் ருக்மிணி. டாக்டர், நர்ஸ் எழுதினதைப் படிக்கவும் தெரியணுமாம். இந்த மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்காரனும் கைவிரிச்சுட்டான்” என்றார் குமாரசாமி.

மேஜை மேல் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவிலிருந்து அமெரிக்காவில் பார்சிப்பனிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ப்ராஜெக்ட் வேலையாக அங்கே போன ஒரே மகன் கவின், மூளைக் காய்ச்சலில் விழுந்து ஒரே ராத்திரியில் போய்விட்டான். கூட இருந்த நர்ஸ் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பதாக அவன் ஆபீஸில் சொன்னார்கள்.

“ஆப்ல போட்டுப் பாத்தீங்களா?”

“கிறுக்கல் கையெழுத்து. ஆப்பே முழிக்குது.”

“பக்கத்து வீட்டு ஜூலியட் அவங்க சர்ச்ல ஒரு ஸ்லோவாக் லேடியைப் பிடிச்சிருக்கா. ரிடயர்டு நர்ஸ். பேப்பரை எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன். இன்னிக்குக் கூப்பிடறேன்னாங்க.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கடைசியா என்ன சொன்னான்? என் மேல கோபமாவே போயிட்டானா?”

ருக்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கவின் இங்கேயே பிறந்தவன். தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான். ஏர்போர்ட் போகும் வழியில் அதற்குத்தான் சண்டை. “அப்பன் பாஷை வாயில வராதவன் எனக்கு போன் பண்ணாத” என்று குமாரசாமி சொல்லிவிட்டார். கொட்டின வார்த்தையை அள்ளவா முடியும்?

செல் அடித்தது. தெரியாத நம்பர். குமாரசாமியின் விரல் தானாகக் கட் செய்தது.

“ஸ்பேம். கார் வாரண்டி விக்கிறவன்.”

“அந்த லேடியா இருக்கும். எடுங்க.”

மறுபடி அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தப் பெண்மணி காய்ச்சல், ஊசி, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். குமாரசாமி பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கச் சொன்னார்.

அவள் தயங்கினாள். பிறகு படித்தாள்.

“இரவு முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறார். இங்கிலீஷ் இல்லை. எங்களில் யாருக்கும் தெரியாத பாஷை. மொழிபெயர்க்க ஆள் தேடினோம், கிடைக்கவில்லை. அவசரத்துக்கு என்று அவர் கொடுத்திருந்த அப்பாவின் நம்பரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் கட் செய்துவிட்டார்கள்.”