இன்டரப்ஷன்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் நின்றால் சிவப்பு லைட்டைப் போட வேண்டும், மெக்கானிக் வருவார்.

கிறிஸ்டினாவின் லைட் எரிந்தது. மெக்கானிக் ஜெயப்பிரகாஷ் ஓடினான். பக்கத்து மெஷினிலிருந்த சோபனாவுக்கு வயிறு எரிந்தது. அவனுக்காகச் சுட்ட வடை டப்பாவிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசரிடம் போனாள்.

"மேடம், வேலை தடைபட்டா 'இன்டரப்ஷன்'னு காலையில சொன்னீங்களே, அங்க பாருங்க. ரிப்பேர் கம்மி, சிரிப்பு ஜாஸ்தி. எத்தினி நாளைக்கு நான் பாத்துக்கினு இருக்கிறது?"

"கல்யாணம் ஆன புதுசு. புருஷன் பொண்டாட்டி பேசிக்கினா உனக்கு இன்னாடி பேஜாரு?"

சோபனா திரும்பி வந்தாள். நன்றாக ஓடிய தன் மெஷினின் ஊசியை முறித்துவிட்டு லைட்டைப் போட்டாள்.

பாதிச் சிரிப்போடு ஓடி வந்தான் ஜெயப்பிரகாஷ்.

"இன்னாச்சு?"

"இன்டரப்ஷன்," என்றாள், வடை டப்பாவைத் திறந்தபடி.