பட்டியலில் நான்காவது

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு நாங்கள் எழுதிய மென்பொருள் லைப்ரரி வேலை செய்தது! தயாராகிவிட்ட எந்த புரோகிராம் ஃபைலையும் திறந்து, உள்ளிருக்கும் பகுதிகளைப் பட்டியல் போட்டு, வேண்டாததைத் தூக்கிவிடும்.

"அக்கா, கலக்கிட்டோம்!" தங்கை கத்தினாள்.

சோதனைக்காக அவள் எழுதிய குட்டி புரோகிராமில் மூன்றே பகுதிகள். பட்டியலில் நான்கு இருந்தன. நான்காவதன் பெயர் 'அக்கா'.

"நீதானே வெச்ச?"

"சத்தியமா நான் இல்லக்கா!"

"நல்லதாப் போச்சு. இதையே தூக்கிப் பாத்துருவோம்."

அவசரத்தில் ஃபைலுக்கு ஒரு நகல்கூட எடுக்காமல் நீக்கிச் சேமித்தேன். இப்போது பட்டியலில் மூன்று. புரோகிராம் பிசகாமல் ஓடியது! துள்ளி எழுந்து அவளிடம் கையை நீட்டினேன்.

அங்கே யாருமே இல்லாதது போல, தங்கை என் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

"யப்பா, ஒத்த ஆளா முடிச்சுட்டேன்!"