கீறல் படாத கார்

பூவரசங்குளத்தில் என் பொறுப்பில் விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி மாமா சுவிஸிலிருந்து நாள்தோறும் விசாரிப்பார்.

“நிழலில வைச்சுத்தானே கழுவினனி?”

“ஓம் மாமா. மெழுகும் பூசினனான்.”

“றோட்டில இறக்காதை. ஒரு கீறல் கண்டனெண்டால் கார்த் திறப்பு உன்ர தம்பி லக்ஷனிட்டைப் போயிடும்.”

மகள் கஜனியின் கலியாணத்துக்கு வந்து இறங்கியவர் நேரே கார்க் கொட்டிலுக்குப் போனார். உறை தரைவரை மூடியிருந்தது.

“கழட்டவோ மாமா?”

“வேண்டாம், தூசி படும்!”

“கலியாணத்துக்கு இதையே எடுப்பமே?”

“விசரோ? பூ ஒட்டினால் பெயின்ற் பழுதாகிடும். வவுனியாவில வாடகைக்கு ஒண்டு பிடிச்சிட்டன். இதே மாதிரி, இதே சிவப்பு.”

“நல்ல கார் மாமா. நானும் கேள்விப்பட்டனான்.”

கலியாணத்தன்று இலக்கத்தகடு தெரியாமல் பூமாலையோடு கார் வந்தது. மாமா கதவை விரலால் தடவினார்.

“பார், ஒரு கீறல் இல்லை! வாடகைக்கு விடுறவன் எப்பிடி வைச்சிருக்கிறான்! அவனிட்டைப் படியடா.”

“ஓம் மாமா,” என்றேன்.

கலியாணம் முடிந்ததும் பூவைக் கழற்றி, நிழலில் கழுவி, மெழுகு பூச வேண்டும். பிறகு, கொட்டிலில் உறைக்குள் இருக்கிற வைக்கோல் கட்டுகளை எடுத்துவிட்டு, இதை அந்த இடத்தில் விட வேண்டும்.