சாட்சிக் கையெழுத்து

"வெத்துப் பக்கத்துல கையெழுத்தா? இன்னா அண்ணி இது, அநியாயமா இருக்குது!"

அம்சவல்லி போட்ட சத்தத்தில் அந்த ஜவ்வாது மலைக் கிராமசபையே திரும்பிப் பார்த்தது. ஊராட்சித் தலைவி ஈஸ்வரி மட்டும் நிமிரவில்லை. அவள் அம்சவல்லியின் நாத்தனார்தான், கணவனின் அக்கா.

"எப்பவும் அப்படித்தானே? முன்ன கையெழுத்து, அப்புறம் தீர்மானம் எழுதறது. ஜனங்க கொல்லி வேலைக்குப் போவ வேணாமா?"

பக்கத்து நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த வக்கீல் குணசீலன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்துக்குத் தடை வந்ததே, அதை நீக்கச் சொல்லி ஒரு கம்பெனிக்காக வழக்கு நடத்துகிறவர்.

"இது சூதாட்டம் இல்லீங்கம்மா. மூளைக்கு வேலை குடுக்கற திறமை ஆட்டம். மலைமக்களே தடை வேணாம்னு தீர்மானம் போட்டா கோர்ட்டுல காட்டலாம். எம்.பி.ங்களும் நமக்காகப் பேசுவாங்க."

திறமையாம்! அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தத் திறமையிலதான் எங்க வூட்டுக்காரரு ரெண்டு உழவு மாட்டையும் ஒடுகத்தூர் சந்தைக்கு ஓட்டிப்போய் வித்துட்டு வந்தாரு! தடை வந்தப்புறந்தான் போனைக் கீழ வெச்சிட்டு ஏரைத் தொட்டாரு. மறுபடியும் தொறந்துவுட்டா நானும் என் புள்ளைங்களும் எங்க போறது?"

வக்கீல் வெளியே நின்ற வேனைக் காட்டினார். வீட்டுக்கு ஒரு தார்ப்பாய், சாமை காயவைக்க.

அவ்வளவுதான், வரிசை நீண்டது. முதல் ஆளாகப் போட்டுவிட்டு வந்த ஊர்க்காரன் ஆதிநாராயணன், "யாரு ஆடுனா நமக்கின்னா? பாய் வந்துச்சா இல்லியா?" என்றான். வெட்கமே இல்லாமல் சிரித்தான்.

"எங்க வூட்டுக்காரரு உங்க கூடப் பொறந்த தம்பி, அண்ணி!"

"உனக்கு இஷ்டமில்லன்னா போடாத. வூட்டுக்குப் போய் வேலையப் பாரு."

கூடப் பிறந்தவளே விலை போனால் யாரிடம் போய் முறையிடுவது? அம்சவல்லி போகாமல் சுவரோரமாகவே நின்றாள்.

ஈஸ்வரி மளமளவென்று எழுதி முடித்தாள். முத்திரையைக் குத்தி, நோட்டை வக்கீல் பக்கம் தள்ளினாள்.

"வெளியூர்க்காரங்க வந்தா சாட்சியா அவங்களும் போடணுங்க. எங்க ஊரு வழக்கம்."

குணசீலன் காதிலிருந்து போனை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். "முடிஞ்சுது சார், ஒரு தார்ப்பாய்க்கே சாஞ்சிட்டாங்க. இதோ அனுப்பறேன்" என்று பேசி முடித்து, பக்கத்தைப் படம் பிடித்து டெல்லியிலிருந்த கம்பெனிக்கு அனுப்பினார். சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

கார் வளைவு திரும்பியதுதான் தாமதம். கிழித்துப் போட்டுவிடும் ஆத்திரத்தில் அம்சவல்லி நோட்டைப் பிடுங்கினாள். கண் எழுத்தில் விழுந்தது.

'ஆன்லைன் போக்கரால் எங்கள் ஊரில் குடும்பங்கள் சீரழிந்தன. தடையை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது எனத் தீர்மானிக்கப்பட்டது. இதைப் படித்துப் பார்த்து முழுமனதுடன் ஒப்புக்கொள்ளும் சாட்சி: வழக்கறிஞர் குணசீலன்.'