இன்னும் கோபமா?

திரையில் வந்த கேள்வியைச் சத்தமாகப் படிக்கக் காசாளருக்குக் கூச்சமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். கேள்வி மாறவில்லை.

“உங்க வீட்டுக்காரர் ஒரு ரகசியக் கேள்வி வச்சிருக்காரும்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “‘என் மேல இன்னும் கோபமா?’”

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற மலைக்காரப் பெண் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவளுடன் வந்திருந்த கடன் குழுத் தலைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கட்டட வேலைக்கு வெளியூர் போன மலைச்சனங்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்கென்றே திறந்த சின்ன அலுவலகம் அது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை எந்த மிஷினிலும் பதியவில்லை என்பதால், ரகசிய எண் ஒன்றைச் சொன்னால் போதும் என்று வைத்திருந்தார்கள். போன மாதம் அதுவே வினையாகிவிட்டது. இவளிடம் சேர்க்கச் சொல்லி இவள் கணவன் எண்ணைத் தன் சித்தப்பா மகனிடம் சொல்லி அனுப்ப, அவன் நேராக இங்கே வந்து பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். எடுத்துக் கொடுத்தது இதே காசாளரின் கைதான்.

“போனா போகுது, நம்ம பையன்தானே” என்று கணவன் சொன்னானாம். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். தலைவியின் போனில் அவன் கூப்பிட்டால் இவள் ஆட்டைப் பார்க்கப் போய்விடுவாள்.

இந்த மாதம் முதல் எண்ணோடு ஒரு கேள்வியும் உண்டு என்று மேலிடத்து உத்தரவு. கேள்விக்குக் கீழே இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை. அனுப்பியவன் முன்கூட்டியே குறித்து வைத்த பதிலைச் சொல்ல ஒரே வாய்ப்பு. தவறினால் பணம் அனுப்பியவனுக்கே திரும்பிவிடும். மறுபடி வர பத்து நாளாகும்.

பத்து நாள் தாங்காது. ஆடு வாங்கிய கடனுக்கு இன்று மதியம் தவணை கட்ட வேண்டும். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கிய கடன். ஒருத்தி தவறினாலும் மற்ற நால்வருக்கும் அடுத்த கடன் கிடையாது. தலைவியோ ஒழுகும் கூரையை மாற்ற அந்த அடுத்த கடனைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

“இல்லைன்னு சொல்லிட்டு வாடி. கோபத்தை வீட்ல போய் வச்சுக்க,” என்றாள் தலைவி.

“கோபம் இருக்கே அக்கா.”

“இருந்துட்டுப் போகட்டும். இந்த மிஷினுக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

அவனிடமே கேட்டுவிடலாம் என்று காசாளர் தலைவியைப் போன் போடச் சொன்னார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆள் சாரத்தின் மேல் நிற்கிற நேரம், போன் கீழே சோற்றுப் பையில் கிடக்கும் என்றாள் தலைவி.

காசாளர் தினமும் கல்லாவைத் திறக்குமுன் கண்ணை மூடி ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்வார்: இந்த ஜன்னலை விட்டு யாரும் அழுதுகொண்டு போகக் கூடாது. அதற்காக இன்று ஒரு சின்னப் பொய்யைச் சிபாரிசு செய்யவும் துணிந்துவிட்டார்.

“பாவம்மா அந்த மனுஷன். சமாதானமாப் போகணும்னு ஆசைப்பட்டுத்தானே கேட்டிருக்கான்? இல்லைன்னு ஒரு வார்த்தை. கடவுள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.”

அவள் யோசித்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

“வரலை சார். ஆமான்னே போடுங்க. கோபமாத்தான் இருக்கேன்.”

தலைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆடாவது இழுத்த பக்கம் வரும், இவள் வரமாட்டாள் என்று வாசலைப் பார்த்துப் புலம்பினாள்.

காசாளரின் விரல் நைசாக ‘இல்லை’ கட்டத்தின் பக்கம் நகர்ந்தது. அவள் என்ன சொன்னாள் என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

“சார்,” என்றாள் அவள். “நான் சொன்னதையே போடுங்க.”

விரல் பிடிபட்ட திருடனைப் போலத் திரும்பி வந்தது. இடது கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. தவணையைத் தன் பணத்திலிருந்து இன்றைக்குக் கொடுத்துவிடலாம், அவள் மெதுவாகத் தரட்டும். அப்படி முடிவெடுத்த பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது. மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு ‘ஆம்’ கட்டத்தை அழுத்தினார்.

திரை பச்சையானது. கல்லா டிங் என்று திறந்துகொண்டது.

காசாளர் சட்டைப் பையிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார். தலைவிதான் எட்டிப் பார்த்து, மிஷின் கெட்டுப்போச்சா என்று விசாரித்தாள்.

பணத்தை வாங்கி அவள் முந்தானையில் முடிந்துகொள்வதற்குள் தலைவியின் போன் அடித்தது. அவன்தான், தவறிய அழைப்பைப் பார்த்துவிட்டு. முதன்முறையாக அவள் ஆட்டைப் பார்க்கப் போகாமல் நின்றாள். காசாளர் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, போன் பக்கம் குனிந்தார்.

“ஏம்ப்பா, கட்டின பொண்டாட்டி கோபமா இருந்தாத்தான் பணமா? பாவம், அவங்க மனசிரங்கி இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

சாரத்தின் மேல் எங்கோ சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே அவன் சிரித்தான்.

“காசு கைக்கு வரும்னா யாரா இருந்தாலும் இல்லைன்னுதான் சார் சொல்லுவாங்க. என் சித்தப்பா மகனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆமான்னு சொல்ல அவ ஒருத்தியாலதான் முடியும்.”